கோட்டையைப் பிடிக்கும் திட்டத்தில் நம் இடம் எது?

மே மாதக் கடைசி ஞாயிறு. கோவில்பட்டியில் எங்கள் வாசிப்பு வட்டம் கூடும் மாடியறைக்குப் போனபோது, அம்பேத்கர் தொகுப்பைத் திறந்து வைத்திருக்க வேண்டிய பிள்ளைகள் எட்டுப் பேரும் ஒரு லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, திராவிடர் எடுத்து ஆடுறோம்ணே. எதிராளி கோட்டையை உடைக்க முடியல. மூணு தடவை போயி மூணு தடவையும் அடி வாங்கிட்டு வந்துட்டோம்" என்றான் ஒரு தம்பி.

2022இல் வந்த விரிவாக்கத்தில் திராவிடர்களையும் அந்த விளையாட்டில் சேர்த்துவிட்டார்கள். சுருள்வாள் வீரர்கள் உண்டு, திரிசடை என்றொரு கப்பல் உண்டு. நம் பிள்ளைகளுக்குப் பெருமை. எனக்கும் கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன். திட்டுவதற்கு வாயெடுத்தவன் திட்டாமல் உட்கார்ந்து பார்த்தேன்.

பார்த்ததில் ஒன்று உறுத்தியது. அந்த விளையாட்டில் 'வில்லேஜர்' என்று ஒரு ஆள் வருவான். 50 உணவு கொடுத்தால் ஒருத்தன் கிடைப்பான். மரம் வெட்டுவான், கல் உடைப்பான், வயல் உழுவான், மதில் கட்டுவான். சண்டை வந்தால் முதலில் சாவான். அவனுக்குப் பெயர் இல்லை. அவன் வேலையில்லாமல் நின்றால் திரையில் ஒரு பொத்தான் எண்ணிக்கை காட்டும், அதைத் தட்டி அவனை மறுபடி வேலைக்கு விரட்டலாம். பிள்ளைகள் அந்தப் பொத்தானைத் தட்டும் வேகத்தைப் பார்த்தேன். பண்ணையார் வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது.

"லேப்டாப்பை மூடுங்கப்பா. இங்கேயிருந்து 40 கிலோமீட்டர்ல ஒரு நிஜக் கோட்டை இருக்கு. அதைத் தாக்கத் திட்டம் போட்டுக் காட்டுங்க பார்ப்போம்" என்றேன்.

அன்று மாலை நடந்ததைத்தான் எழுதுகிறேன். ஏன் எழுதுகிறேன் என்பது கடைசியில் விளங்கும்.

சாக்பீஸில் ஒரு கோட்டை

பாஞ்சாலங்குறிச்சி. இன்று நாம் சுற்றுலா போய்ப் பார்ப்பது 1974இல் தமிழக அரசு கட்டிய நினைவுக்கோட்டை. பழைய கோட்டை மண்ணோடு மண்ணாகிவிட்டது. 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்ட கம்பெனி, அவர் கோட்டையையும் இடித்துத் தரைமட்டமாக்கியது. 1801 பிப்ரவரி 2 அன்று ஊமைத்துரையும் கூட்டாளிகளும் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார்கள். ஒரு வாரத்துக்குள் மேஜர் மெக்காலே படையோடு வந்து பார்த்தபோது, இடித்துப்போட்ட இடத்தில் மதில் எழும்பி நின்றது. படை வந்த வழியே திரும்பியது.

தரையில் சாக்பீஸால் அந்தக் கோட்டையை வரைந்தேன். அளவுகளைக் கொடுத்தவர் ஜேம்ஸ் வெல்ஷ். தாக்கிய படையில் இருந்த இளம் அதிகாரி. 1830இல் தன் நினைவுகளைப் புத்தகமாக்கினார். பிஷப் கால்டுவெல் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாற்றில் இந்தப் போரைச் சொல்லும்போது அவரைத்தான் பெரிதும் நம்புகிறார். 500 அடி நீளம், 300 அடி அகலம், 12 அடி உயர மதில். கல் கிடையாது, முழுக்க மண். நல்ல இறுகிய, ஒட்டும் மண் என்கிறார் வெல்ஷ். கரிசலில் மழைக்கு நடந்து செருப்பைப் பறிகொடுத்த நமக்கு அது புரியும். சின்னச் சின்னக் கொத்தளங்கள். அகழி இல்லை. சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. சீமைக்கருவேல் என்று நினைக்காதீர்கள், அது நம் மண்ணைப் பிடித்தது பிற்பாடு.

"நீங்கதான் மெக்காலே. பீரங்கி இருக்கு, ஏணி இருக்கு, வெள்ளைக்காரச் சிப்பாயும் நம்மூர்ச் சிப்பாயும் இருக்காங்க. திட்டம் சொல்லுங்க" என்றேன்.

பத்து நிமிடத்தில் சொன்னார்கள். பீரங்கியை ஒரு மூலைக் கொத்தளத்துக்கு நேராக நிறுத்துவது. ஒரே இடத்தில் அடித்து அடித்து உடைப்பு உண்டாக்குவது. முள்வேலியை வெட்டி வழி செய்வது. நல்ல ஆட்களை முன்னால் அனுப்பி உடைப்பு வழியாக ஏறுவது. மற்றவர்கள் பின்னால் போவது.

"சரியான திட்டம். மெக்காலேயும் இதைத்தான் செஞ்சார்" என்றேன். பிள்ளைகளுக்குச் சந்தோஷம்.

"1801 மார்ச் 31. முன்னால போன ஐரோப்பியச் சிப்பாய்கள் 120 பேர். அதுல காயமில்லாம திரும்புனவங்க 46 பேர்."

அறை அமைதியானது.

ஏன் தோற்றது?

உடைப்பு சரியாகத்தான் விழுந்திருந்தது. ஏறியவர்கள் உச்சிக்கும் போனார்கள். அங்கே கால் வைக்க இடமில்லை. கொத்தளங்களின் உட்புறத்தைக் குடைந்து வெறுமையாக வைத்திருந்தார்கள். கீழே, அந்தப் பள்ளத்துக்குள் காவல்காரர்கள் 18, 20 அடி நீள ஈட்டிகளோடு நின்றார்கள். மேலே தலை தெரிந்தவனைக் கீழிருந்து குத்தினார்கள். தப்பியவனைச் சுட்டார்கள். வெளியே நிற்கும் துப்பாக்கிக்காரனுக்குக் குறிபார்க்க யாரும் கண்ணில் படவில்லை.

ஒரு தங்கை கேட்டாள், "அப்ப உடைப்பு விழணும்னு தெரிஞ்சேதான் உள்ளே இப்படிப் பண்ணி வச்சிருந்தாங்களா?"

ஆம். எதிரி எந்தத் திட்டத்தோடு வருவான் என்று உள்ளே இருந்தவர்கள் முன்கூட்டியே யோசித்திருந்தார்கள். மதிலை நம்பவில்லை, மதில் உடைந்த பிறகு என்ன என்பதில் வேலை செய்திருந்தார்கள். கம்பெனி அதிகாரிகளுக்குப் பிடிபடாதது இதுதான். பாளையத்து ஆளுக்கு வீரம் உண்டு என்று ஒத்துக்கொள்வார்கள். மூளை உண்டு என்று ஒத்துக்கொள்ள 120 பேரைப் பலிக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

பிறகு மே மாதம் கர்னல் அக்னியூ வந்தார். அதிகப் படை, அதிகப் பீரங்கி, குதிரைப்படை. மே 24 அன்று மறுபடி தாக்குதல். இந்த முறை உடைப்பைக் காத்து நின்றவர்கள் ஏறக்குறைய எல்லாரும் விழுந்த பிறகே கம்பெனிச் சிப்பாய் உள்ளே காலெடுத்து வைத்தான். வெளியேறியவர்களைக் குதிரைப்படை துரத்தி வெட்டியது. காயம்பட்டுக் கிடந்த ஊமைத்துரையைப் பக்கத்து ஊர்ப் பெண்கள் காப்பாற்றினார்கள். கம்பெனிக்குத் துணைநின்ற எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது, அம்மையில் செத்த பிள்ளை என்று மூடிவைத்து ஒப்பாரி வைத்தார்கள் என்று வெல்ஷே எழுதுகிறார். அந்தப் பெண்கள் போட்ட திட்டம் அக்னியூவின் திட்டத்தைவிட வேகமானது. அவர்கள் பெயர் வெல்ஷுக்குத் தெரியவில்லை. அவர் கேட்டிருக்கவும் மாட்டார்.

மதிலைக் கட்டியது யார்?

விளையாட்டு முடிந்தது என்று நான் நினைத்தேன். அந்தத் தங்கை விடவில்லை.

"அண்ணே, ஒரு வாரத்துல இம்புட்டு மதிலையும் யார் கட்டுனா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. கணக்குப் போடலாம் என்றேன். சுற்றளவு 1,600 அடி. உயரம் 12 அடி. அகலம் சராசரி 6 அடி என்று நாமாக வைத்துக்கொண்டோம். பெருக்கினால் 3,260 கன மீட்டர் மண் வருகிறது.

அவள் போனை எடுத்து அம்மாவிடம் கேட்டாள். அம்மா 100 நாள் வேலைக்குப் போகிறவர். கண்மாய்க்குள் அளந்து விட்ட குழியை வெட்டிக் கூலி வாங்கியவர். "ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் ஒரு ஆளு ஒரு நாள்ல வெட்டலாமாம்மா?" என்று கேட்டாள். ஸ்பீக்கரில் பதில் எல்லாருக்கும் கேட்டது. "காஞ்ச கரிசல்லயா? வெட்டிப் பாரு தெரியும். வெட்டி, சுமந்து, மேல ஏத்தணும்னா பாதி ஓடுனா பெருசு."

பாதி என்றே வைத்தோம். ஆளுக்கு நாளைக்கு அரை கன மீட்டர். ஏழு நாளில் முடிக்க 930 பேர் வேண்டும். இடித்த மண் அங்கேயே கிடந்திருக்கும், வெட்டுகிற வேலை மிச்சம் என்றான் ஒரு தம்பி. சரி, பாதியாகக் குறைத்தாலும் 460 பேருக்கு மேல். மண்ணைக் குழைக்கத் தண்ணீர் வேண்டாமா? மண்ணில் கால் பங்கு தண்ணீர் என்று வைத்தால் 8 லட்சம் லிட்டர். குடத்துக்கு 12 லிட்டர் போட்டால் ஏறக்குறைய 68,000 குடம். தண்ணீருக்கு ஏங்கும் இந்த மானாவாரிச் சீமையில்.

இது துல்லியக் கணக்கு அல்ல. அகலம் நம் ஊகம், தண்ணீர் நம் ஊகம். ஆனால் நூறு பேரோடு முடிகிற வேலை அல்ல என்பது உறுதி. வெல்ஷ் மதிலைப் பார்த்து வியக்கிறார். கால்டுவெல் வியக்கிறார். நம் மேடைப் பேச்சாளர்கள் 'ஒரே வாரத்தில் கோட்டை கட்டிய ஊமைத்துரை' என்று முழங்குகிறார்கள். 68,000 குடத்தைச் சுமந்த இடுப்பு எந்த ஏட்டிலும் இல்லை.

அவர்கள் யார் என்று ஆவணம் சொல்லாதபோது, 'எல்லாரும் நம்மவர்களே' என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பலரும் சேர்ந்து செய்திருப்பார்கள். ஆனால் இந்தச் சமூகத்தில் மண்வெட்டியும் கூடையும் யார் கையில் யார் தலையில் இருந்தன என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரியும்.

மதிலுக்கு வெளியே யார்?

இன்னொரு கேள்வியும் வந்தது. இது கொஞ்சம் சங்கடமான கேள்வி.

"வெளியே நின்ன நம்மூர்ச் சிப்பாய்னு சொன்னீங்களேண்ணே, அவங்க யாரு?"

கம்பெனியின் சென்னைப் படையில் எல்லாச் சாதியாரும் இருந்தார்கள். பறையர் சமூகத்தவரும் இருந்தார்கள். படைக்கு வழிவெட்டும், அகழிதோண்டும், ஏணி தூக்கும் பயனியர் பிரிவுகளிலும் இருந்தார்கள். பீரங்கியை இழுத்த மாட்டை ஓட்டியவர், காயம்பட்ட துரையை டோலியில் சுமந்தவர், குதிரைக்குப் புல் அறுத்தவர் என்று ஒவ்வொரு படைக்குப் பின்னாலும் படையைவிடப் பெரிய கூட்டம் நடந்து போகும். பாஞ்சாலங்குறிச்சியின் மதிலுக்கு உள்ளேயும் நம் ஆட்கள் இருந்திருப்பார்கள். வெளியேயும் இருந்திருப்பார்கள்.

இதைச் சொன்னதும் ஒரு தம்பிக்கு முகம் சுருங்கியது. "அப்ப நாம துரோகியாண்ணே?" என்றான்.

தம்பி, துரோகம் என்ற சொல்லைத் தராசில் வைக்கும் முன்னால், அடுத்த தட்டில் என்ன இருந்தது என்று பார். 1801 ஜூன் 16 அன்று சின்ன மருது வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கையை எடுத்துப் படி. கம்பெனிக்கு எதிராக எழச் சொல்லும் அந்த அழைப்பு பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான் என்று வரிசையாகக் கூப்பிடுகிறது. ஐந்தாவதாக ஊருக்கு வெளியே நின்றவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. அந்த அறிக்கையின் துணிச்சலை நான் குறைக்கவில்லை. அழைப்புப் பட்டியலில் இல்லாதவனிடம் ஏன் வரவில்லை என்று கேட்காதே என்கிறேன். சம்பளமும் சட்டையும் கொடுத்த படை ஒரு பக்கம், வேலிக்கு வெளியே நிறுத்திய பாளையம் ஒரு பக்கம். அந்த மனிதன் அந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தான். பின்னாளில் அதே பிரிட்டிஷ் அரசு தீண்டப்படாதோரைப் படையில் சேர்ப்பதை நிறுத்தி அவனுக்குத் தன் துரோகத்தையும் செய்தது.

பாஞ்சாலங்குறிச்சிக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. செத்த அதிகாரிகளின் பெயர் கல்லில் நிற்கிறது. சிப்பாய்க்கும் டோலிக்காரருக்கும் அப்படி ஒரு கல்லை நான் அங்கே பார்த்ததில்லை.

பெட்டார்ட்

அடுத்து நடந்தது சண்டை. நிஜச் சண்டை.

"சுந்தரலிங்கனார் இருந்திருந்தா 1801லயும் ஜெயிச்சிருப்போம்" என்றான் ஒருவன். "ஏன், ஒட்டன் பகடையை மறந்துட்டியா?" என்றான் இன்னொருவன். "எங்க ஆளு பேரை எங்க போட்டாங்க?" குரல் உயர்ந்தது. ஐந்து நிமிடத்தில் எட்டுப் பேரும் மூன்று கட்சி. சேரிக்குள்ளே மூன்று தெரு.

இந்தச் சண்டையின் வயது அவர்கள் வயதைவிட அதிகம். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு அரசுப் போக்குவரத்துக் கழகம் வந்தது. அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் எழுந்தார்கள். தென்மாவட்டங்கள் எரிந்தன. உயிர்கள் போயின. அரசு கடைசியில் என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும், எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது. அதுவரை நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று இருந்தது திருநெல்வேலி மாவட்டம் ஆனது. தளபதியின் பெயரைத் தாங்க முடியாத சமூகம், அதற்காக அரசனின் பெயரையும் விட்டுக்கொடுத்தது. கம்பெனி கோட்டையைத்தான் இடித்தது. பெயரை அழித்தது நம் ஊர்ச் சாதி.

எனவே பெயர்களுக்காக நடக்கும் போராட்டம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். கவர்னகிரியில் சுந்தரலிங்கத்தின் நினைவுக்கு முன்னால் நின்று கண்கலங்கியவன் நான். நான் கேட்பது வேறு.

அந்த லேப்டாப் விளையாட்டில் 'பெட்டார்ட்' என்று ஒரு ஆள் உண்டு. முதுகில் வெடிமருந்துப் பீப்பாயைச் சுமந்து ஓடுவான். மதிலில் மோதி வெடிப்பான். மதிலும் போகும், அவனும் போவான். ஒரு தடவைதான் பயன்படுவான்.

நம் நாயகர்களின் கதைகளை வரிசையாக நினைத்துப் பாருங்கள். சுந்தரலிங்கம், 1799இல் முறைப்பெண் வடிவோடு கம்பெனியின் வெடிமருந்துக் கிடங்கில் தீயோடு பாய்ந்து மாண்டார். குயிலி, சிவகங்கையில் உடம்பில் தீவைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் குதித்து மாண்டார். மக்கள் நினைவு காப்பாற்றிக் கொடுத்த கதைகள் இவை. தியாகத்தை நான் சந்தேகிக்கவில்லை, வணங்குகிறேன். ஆனால் ஏன் அந்த ஒரு நொடி மட்டும் நமக்குச் சொல்லப்படுகிறது? சுந்தரலிங்கம் தளபதி என்கிறோம். தளபதி என்றால் திட்டம் போடுகிறவர். எத்தனை பேரை எங்கே நிறுத்துவது, எந்த வழி தானியம் வரும், எவன் காட்டிக்கொடுப்பான் என்று இரவெல்லாம் யோசிக்கிறவர். அந்த இரவுகள் எங்கே? அவருடைய மூளை எங்கே போனது? வரலாறு நமக்கு உடம்பைக் கொடுத்திருக்கிறது, சாவைக் கொடுத்திருக்கிறது. திட்டத்தை வேறொருவர் கணக்கில் எழுதிவிட்டது.

இன்றும் அதுதான் நடக்கிறது. கட்சி மாநாட்டுக்குக் கொடி கட்ட நம் பையன். போஸ்டர் ஒட்ட நம் பையன். மறியலில் முன்வரிசையில் நின்று தடியடி வாங்கி வழக்கு சுமக்க நம் பையன். தேதியை யார் முடிவு செய்தது, கோரிக்கையை யார் எழுதியது, பேச்சுவார்த்தைக்கு யார் உள்ளே போனது என்று கேட்டால் அந்த அறையில் நம் பையன் இல்லை. பெண் பிள்ளைகளோ வாசலில்கூட இல்லை.

தம்பிகளே, தங்கைகளே, எந்தச் சாதி நாயகன் பெரியவன் என்று சண்டை போடுகிற நேரத்தில், மூன்று தெருவும் சேர்ந்து திட்டம் போடக் கற்றுக்கொள்ளுங்கள். மறுக்கப்பட்டது அதுதான்.

மகாடில் ஒரு தளபதி

நல்ல திட்டம் எப்படி இருக்கும் என்று காட்ட எனக்குக் கோட்டை தேவையில்லை. குளம் போதும்.

1923இல் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிடச் சொன்னது. 1924இல் மகாட் நகராட்சி சவதார் குளத்தைத் திறந்ததாகத் தீர்மானமும் போட்டது. காகிதத்தில் உரிமை வந்துவிட்டது, குளத்துக்குப் போக வழியில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு நடந்து போய் அந்தத் தண்ணீரைக் குடித்தார். சட்டம் கையில் வந்த பிறகு நடந்தார் என்பதைக் கவனியுங்கள். திரும்பி வந்தவர்களை ஆதிக்கச் சாதிக் கும்பல் அடித்தது. கூட்டத்தில் முன்னாள் படைவீரர்கள் இருந்தார்கள். ஒரு சொல் சொன்னால் திருப்பி அடித்திருப்பார்கள். அம்பேத்கர் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

டிசம்பரில் மறுபடி மாநாடு. இந்த முறை ஏற்பாட்டைப் பாருங்கள். ஊர்க் கடைக்காரர்கள் அரிசி பருப்பு விற்க மாட்டார்கள் என்று தெரிந்து முன்கூட்டியே வெளியிலிருந்து சேர்த்து வைத்தார்கள். மாநாட்டுக்கு இடம் கொடுக்க சாதி இந்துக்கள் மறுத்தபோது ஒரு இஸ்லாமியரின் நிலத்தைப் பெற்றார்கள். தரைவழியில் வண்டி தர மறுப்பார்கள் என்று அம்பேத்கர் பம்பாயிலிருந்து படகில் வந்தார். நீதிமன்றத் தடை வந்திருந்தது. குளத்துக்குப் போவதைத் தள்ளிவைத்தார். டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதியை எரித்தார். குளத்து வழக்கைப் பத்து ஆண்டு நடத்தி 1937இல் உயர்நீதிமன்றத்தில் வென்றார்.

தானியம், இடம், பாதை, சட்டம், எப்போது தாக்குவது, எப்போது நிற்பது. மெக்காலே செய்யத் தவறிய அத்தனையும் அதில் இருக்கிறது. ஒரு உயிரையும் எடுக்காத படையெடுப்பு அது. அதில் பெட்டார்ட் யாரும் இல்லை.

அடுத்த சாக்பீஸ் வரைபடம்

இருட்டிவிட்டது. தரையில் பாஞ்சாலங்குறிச்சியை அழித்துவிட்டு வேறொரு படம் வரையச் சொன்னேன். எங்கள் வட்டத்துப் பிள்ளை ஒருத்தியின் ஊர். ஊர்ப் பெயர் இப்போது வேண்டாம். சேரியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் பாதையில் வேலி போட்டுவிட்டார்கள். பிணத்தைச் சுமந்து இரண்டு கிலோமீட்டர் சுற்றுகிறார்கள். மறியல் செய்யலாம் என்று ஊர் இளைஞர்கள் துடிக்கிறார்கள்.

"மறியல்னா உடைப்பு வழியா ஏறுறது. உள்ளே ஈட்டியோட யாரு நிக்கிறான்னு முதல்ல பாருங்க" என்றேன்.

எட்டுப் பேரும் ஒரே கட்சியாக உட்கார்ந்தார்கள். பட்டியல் அவர்கள் போட்டது:

அந்தப் பாதை வருவாய்த்துறை வரைபடத்தில் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது? புல வரைபடமும் அ-பதிவேட்டு நகலும் எடுக்க வேண்டும். கிடைக்காவிட்டால் 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. எத்தனை ஆண்டுகளாக அந்த வழியில் பிணம் போனது என்பதற்குப் பெரியவர்களின் வாக்குமூலம், தேதி போட்டு, கையெழுத்து வாங்கி. வேலியின் புகைப்படம். சுடுகாட்டைப் பிறரைப் போலச் சமமாகப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வழக்குப் பதிந்தால் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும். மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும், கடைசியாக எப்போது கூடியது என்று கேட்க வேண்டும். வேலி போட்டவர் தோட்டத்தில் கூலிக்குப் போகும் நம் குடும்பங்கள் எத்தனை? வேலையை நிறுத்தினால் எத்தனை வாரம் தாங்குவார்கள், அரிசிக்கு என்ன ஏற்பாடு?

கடைசிக் கேள்வியைக் கேட்டது போனில் அம்மாவிடம் கணக்குக் கேட்ட அதே தங்கை. அறையிலேயே மிக முக்கியமான கேள்வி அதுதான். கூலி நின்றால் முதலில் காலியாவது யார் வீட்டு அடுப்பு என்று தெரிந்தவள்தான் அதைக் கேட்க முடியும். வில்லேஜர் திட்டம் போட உட்கார்ந்தால் அந்த விளையாட்டே மாறிவிடும்.

இது கற்பனைப் பயம் அல்ல. 1995 ஆகஸ்ட் 31 அன்று இதே கரிசலில், கொடியன்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீசார் நுழைந்தபோது எதை நொறுக்கினார்கள் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். நம் மக்கள் கஷ்டப்பட்டுச் சேர்த்த பொருளை நொறுக்கினார்கள். குடிக்கும் கிணற்றைக் கெடுத்தார்கள். நம்மைத் தாக்குகிறவர்கள் எப்போதும் திட்டத்தோடு வருகிறார்கள். நம் தானியம் எங்கே, தண்ணீர் எங்கே, சேமிப்பு எங்கே என்று தெரிந்து வருகிறார்கள்.

விளையாடுங்கள், நான் தடுக்கவில்லை. அடுத்த முறை மதில் கட்ட வில்லேஜரைத் தட்டும்போது, ஒரு நொடி நிறுத்தி 68,000 குடத்தை நினையுங்கள். உங்கள் ஊரில் அடுத்த போராட்டத்துக்குக் கூப்பிட்டால், "எங்கே நிற்கணும்" என்று கேட்பதற்கு முன்னால் "திட்டம் எந்த வீட்டில் போடுகிறார்கள், நான் எத்தனை மணிக்கு வரணும்" என்று கேளுங்கள்.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்தச் சுடுகாட்டுப் பாதையின் புல வரைபடத்தோடு மாடியறையில் உட்காருகிறோம். லேப்டாப்பும் இருக்கும். நகல் எடுக்கும் மனுவைத் தட்டச்சு செய்ய ஆள் வேண்டும்.

ஜெய் பீம்.